கோழி இல்லாத அரண்மனை

மழைக்கும் ராஜாவுக்கும் எப்போது கோபம் வரும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில், குன்றையூரை விசயவல்லவன் என்ற ராஜா ஆண்டுவந்தார். அரண்மனை அரிசியை அளந்து போடுகிறவள் பொன்னுருவி. இல்லாதப்பட்ட வீடுகள் வாசலில் ஒரு கொட்டாங்குச்சியைக் கட்டித் தொங்கவிடும். அதைப் பார்த்து மாதாமாதம் அரிசி போகும். தை பிறந்ததும் கொட்டாங்குச்சிகளை எண்ணிச் சபையில் சொல்வதும் அவள் வேலை. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று மார்கழி முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது.

ஒரு வருஷம் இருநூறு வீடு. மறு வருஷம் நானூறு. ராஜா முகம் சுளித்தார்.

"என் ஆட்சியில் ஏழைகள் கூடுவதா?"

தளவாய் சேந்தனுக்கு, ஊரே பொன்னுருவியின் கையை வாழ்த்துவதில் ஏற்கெனவே வயிற்றெரிச்சல். "கூடினது சோம்பேறிகள், மகாராஜா. ஒரு கோழி இருந்தாலும் அந்த வீட்டுக்கு அரிசி இல்லைன்னு சட்டம் போடுங்க."

போட்டார்கள். அடுத்த தையில் நாற்பதே வீடு. பரிசு வாங்கப் போகிறோம் என்று தளவாய் புதுச் சால்வையே போர்த்தி வந்துவிட்டார்.

"நாற்பதுன்னு மட்டும் சொல்லு. மேலே பேசினா, அரிசி அளக்கிற படி வேற கைக்குப் போயிடும்" என்றார் பொன்னுருவியின் காதோரமாக.

பொன்னுருவிக்கு மூக்காயி வீடு ஞாபகம் வந்தது. ஒரு நொண்டிக் கோழி இருந்ததால் அரிசி நின்றுபோய், மூன்று பிள்ளைகளும் தவிட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தன.

"எத்தனை வீடு?" என்றார் ராஜா.

"நாற்பத்திரண்டு, மகாராஜா."

"தளவாய் நாற்பதுன்னாரே."

"ரெண்டு விட்டுப்போச்சுங்க. ஒண்ணு தளவாய் வீடு. கொல்லை வரைக்கும் தேடினேன், ஒரு கோழி இல்லை."

"இன்னொண்ணு?"

மடியிலிருந்து ஒரு கொட்டாங்குச்சியை எடுத்தாள். "அரண்மனைங்க. யானை இருக்கு, குதிரை இருக்கு, மயிலும் இருக்கு. கோழி இல்லீங்களே. வாசல்ல கட்டட்டுமா, சிம்மாசனத்திலேயே கட்டிடட்டுமா?"

ராஜாவின் மீசை துடித்தது. அப்புறம் கிரீடம் ஒரு பக்கம் சாய அப்படி ஒரு சிரிப்பு.

"அப்போ ஊரில் பணக்காரர் யாரம்மா?"

"மூக்காயிங்க."

"ஏழை நான் அங்கேதானே சாப்பிடணும். கிளம்புங்கய்யா."

மூக்காயி பதறிக்கொண்டு கஞ்சி ஊற்றினாள். கோழி நொண்டி நொண்டி வந்து தளவாயின் தோளில் ஏறி, புதுச் சால்வையில் தன் காரியத்தை முடித்துக்கொண்டது. ராஜா ஒரு வாய் குடித்தார். தவிடு தொண்டையில் நின்றது. சிரிப்பும் நின்றது.

"இதே கஞ்சி எத்தனை வீட்டில்?"

"ஐந்நூறுங்க. கொட்டாங்குச்சிதான் குறைஞ்சுது. பசி குறையலை."

சட்டம் அங்கேயே செத்தது. ஒரு வருஷம் அரிசி மூட்டையை வீடு வீடாகச் சுமக்கும் வேலை தளவாய்க்கு. சால்வை பொன்னுருவிக்கு.

"தளவாயே துவைச்சுக் கொடுத்தா வாங்கிக்கிறேங்க" என்றாள்.

ஆனாலும் அவள் பயம் போகவில்லை. அடுத்த தையில் வாயைத் திறந்து கணக்கே சொல்லவில்லை. எல்லாக் கொட்டாங்குச்சிகளையும் கோணியில் கட்டி வந்து, சிம்மாசனத்துக்கு முன்னால் கடகடவென்று கொட்டினாள்.

"நீங்களே எண்ணிக்கோங்க, மகாராஜா" என்று சொல்லிவிட்டு, ஒரு காலை வாசற்படிக்கு வெளியே வைத்தபடி நின்றுகொண்டாள்.