குழந்தைச் சுல்தான்களின் வரலாறு

எல்லோரும் உட்கார்ந்துவிட்டீர்களா? சிரிக்கவைக்கும் கதை வேண்டுமென்று வந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வெகு காலத்துக்கு முன்னால், அரபு மொழி வழங்கிய மேற்குக் கடலோரத்தில் மர்ஸானா என்றொரு பட்டணம் இருந்தது. அதை ஆண்ட சுல்தான் காய்ச்சலில் விழுந்து இறந்துபோனார். அவருக்கு ஒரே பிள்ளை. பெயர் இத்ரீஸ், வயது ஐந்து.

மந்திரி ஹம்தூனுக்கு நாக்கில் நீர் ஊறியது. வளர்ந்த ஆள் சுல்தானானால் மந்திரி கைகட்டி நிற்க வேண்டும். குழந்தை சுல்தானானால், அந்தக் குழந்தையைப் பிடித்து வைத்திருப்பவன்தான் சுல்தான். ஆனால் ஊர் நீதிபதிகளான காஜிகள் ஒத்துக்கொள்ளவில்லை. புதுச் சுல்தானின் கையில் கை வைத்துச் சத்தியம் செய்வது அந்த நாட்டு வழக்கம். “பருவம் வராத பிள்ளையின் கையில் எங்கள் சத்தியம் எப்படி நிற்கும்? இதற்கு முன்னால் எங்கேயாவது நடந்திருக்கிறதா?” என்று கேட்டார்கள்.

அதே ஊரில் ஸஃப்வான் என்ற வரலாற்றாசிரியர் இருந்தார். பழைய ராஜ்யங்களின் செய்திகளைத் தேடி இளமையெல்லாம் நாடு நாடாக அலைந்தவர். பொய் எழுதாதவர் என்று பெயரெடுத்தவர். பாவம், ஒரு நூல் எழுதித் தாருங்கள் என்று அதுவரை அவரை யாரும் கேட்டதில்லை. மந்திரியே வீடு தேடி வந்து கேட்டதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

சிறு வயதில் பட்டம் ஏறிய முஸ்லிம் அரசர்களையெல்லாம் தேடித் திரட்டி எழுதினார். பிறந்தது, பட்டம் ஏறியது, ஆண்டது, முடிந்தது என்று ஒவ்வொருவருக்கும் ஓர் அத்தியாயம். நல்ல நூல். உண்மையான நூல்.

மந்திரி முதல் அத்தியாயத்தை வாசித்தான். அந்தப் பிள்ளையைச் சிற்றப்பனே தலையணையால் அமுக்கிக் கொன்றான் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. “பட்டம் சூட்டும் நேரத்தில் இந்தத் துக்கம் எதற்கு, உஸ்தாதே? எடுத்துவிடுங்கள்” என்றான். ஒரு பக்கம்தானே என்று ஸஃப்வான் எடுத்துவிட்டார்.

இரண்டாம் அத்தியாயத்துப் பிள்ளையைக் கண்ணைக் குருடாக்கிச் சிறையில் தள்ளியிருந்தார்கள். மந்திரி ஒன்றும் சொல்லவில்லை, முகத்தை மட்டும் சுளித்தான். அதையும் எடுத்துவிட்டார்.

மூன்றாம் அத்தியாயத்துக்கு மந்திரி வாயும் திறக்கவில்லை, முகமும் சுளிக்கவில்லை. ஸஃப்வான் தாமாகவே கடைசிப் பக்கத்தைக் கிழித்து நீட்டினார். மிச்ச அத்தியாயங்களுக்கும் அதே கதிதான். கிழித்த தாள்களையெல்லாம் மந்திரி பத்திரமாகக் கொண்டுபோய் அடுப்பில் போட்டான்.

நூலைக் காஜிகள் வாசித்தார்கள். இத்தனை பிள்ளைகள் பட்டம் ஏறியிருக்கும்போது நமக்கென்ன தடை என்று சமாதானம் ஆனார்கள். வரும் வெள்ளிக்கிழமை பட்டம் என்று நாளும் குறித்தாயிற்று.

அதற்கு முந்தின நாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும், பிள்ளையின் தாய் லுப்னா ஸஃப்வான் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் இத்ரீஸ்.

“உஸ்தாதே, என் அண்ணன் கப்பலோடு துறையில் நிற்கிறான். ராஜ்யமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா என்கிறான். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இப்படிப் பட்டம் ஏறிய பிள்ளைகளுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று உங்களுக்குத்தான் தெரியும். அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்கள், நான் போகவா, இருக்கவா?”

வீட்டில் வேறு ஆள் இல்லை. வாசலில் காவல் இல்லை. ‘போ’ என்ற ஒரே ஒரு சொல் போதும். ஆனால் அதைச் சொன்னால், தம் நூல் அரைகுறை என்று தம் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். மந்திரி காதுக்குப் போனால் தலையும் போகும். ஸஃப்வான் நூலை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “எல்லாம் இதில் இருக்கிறதம்மா” என்றார்.

அவள் அங்கேயே உட்கார்ந்து வாசித்தாள். பிள்ளை மைக்கூட்டுக்குள் விரலை விட்டுக் கன்னத்தில் பூசிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பிள்ளையும் பட்டம் ஏறினான், மக்கள் மகிழ்ந்தார்கள். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. “அல்ஹம்துலில்லாஹ்” என்று நூலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அண்ணனின் கப்பல் அவளை ஏற்றாமலே போயிற்று.

மழைக்காலத்தில் பட்டம் ஏறிய இத்ரீஸ் கோடை வரைக்கும் ஆண்டான். ஆண்டான் என்பது பேச்சுக்குத்தான். சபையில் பாதி நேரம் தூங்குவான். ஒரு நாள், ஒரு ஆளைக் கொல்லச் சொல்லும் ஆணையில் முத்திரை வைக்கச் சொன்னார்கள். அந்த ஆள் பிள்ளைக்குப் புறாக்குஞ்சு கொடுத்தவன். “மாட்டேன்” என்று அழுது, முத்திரையைத் தூக்கி எறிந்தான் இத்ரீஸ். மாட்டேன் என்று சொல்லத் தெரிந்த பிள்ளை மந்திரிக்கு எதற்கு?

சுல்தான் குளியல் தொட்டியில் வழுக்கி விழுந்து இறந்துபோனார் என்று ஊரில் முரசு அறைந்தார்கள். அவருடைய சிற்றப்பன் மகன், மூன்று வயதுக் குழந்தை, அடுத்த சுல்தான் என்றும் அதே முரசில் அறைந்தார்கள்.

லுப்னா மறுபடி ஸஃப்வான் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் யாரும் இல்லை.

“அந்தப் பிள்ளைகளின் முடிவெல்லாம் உங்களுக்கு முன்பே தெரியுமா?”

“தெரியும்.”

“நான் கேட்டேனா?”

“கேட்டாயம்மா.”

“பிறகு ஏன் சொல்லவில்லை?”

அவள் அழவும் இல்லை, சபிக்கவும் இல்லை. எழுந்து போய்விட்டாள். திட்டியிருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

புதுக் குழந்தைக்குச் சத்தியம் செய்யும் நாளில் ஸஃப்வான் பள்ளிவாசலுக்கு ஓடினார். “வேண்டாம்! என் நூலில் வரும் பிள்ளைகளையெல்லாம் கொன்றார்கள், குருடாக்கினார்கள். இத்ரீஸையும் கொன்றுவிட்டார்கள். இந்தக் குழந்தையையாவது தாயிடம் விடுங்கள்!” என்று கத்தினார்.

மூத்த காஜி அமைதியாக நூலை வரவழைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். “இது உங்கள் எழுத்துத்தானே, உஸ்தாதே? பொய் எழுதாதவர் என்றுதானே இதை நம்பினோம்? இதில் ஒரு பிள்ளைக்கும் கெடுதல் வந்ததாக இல்லையே. துக்கத்தில் ஏதோ பேசுகிறீர்கள், வீட்டுக்குப் போங்கள்” என்றார்.

மந்திரி சிரிக்கக்கூட இல்லை. காவலர்கள் ஸஃப்வானை வெளியே இழுத்துப் போனார்கள். உள்ளே காஜிகள் ஒவ்வொருவராகக் குனிந்து கை நீட்டினார்கள். விளையாட்டு என்று நினைத்து அந்தக் குழந்தை ஒவ்வொரு விரலாகப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

சொல்ல வேண்டிய நேரத்தில் மறைத்த உண்மையைப் பிறகு எவ்வளவு உரக்கச் சொன்னாலும், அது ஒருவரையும் காப்பாற்றாது.