தலைவருக்குப் பக்கத்தில் யார் படம்?

எங்க ஊர் நகராட்சித் தலைவர் ஆளவந்தார் தும்மினால்கூட மேடைப் பேச்சு மாதிரிதான் இருக்கும். "ஹச்ச்... என் அருமை மக்களே!"

இட்லிக் கடை அமலோற்பவத்தை ஒரு திருடன் அடித்துப் போட்டுவிட்டுக் கல்லாப்பெட்டியோடு ஓடிவிட்டான். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தரும் நிதி வந்தது. ஆனால் காசோலை தலைவர் கையில்.

"மேடையில வாங்கணும். நம்ம ரெண்டு பேர் போட்டோவும் தெருத்தெருவா ஃபிளெக்ஸ்ல நிக்கணும்!"

"ஐயா, அவன் இன்னும் பிடிபடல. என் மூஞ்சியைப் பார்த்தா மறுபடி தேடி வருவான்" என்று அழுதாள் அமலோற்பவம்.

"போட்டோ இல்லேன்னா பணமும் இல்ல!"

ஃபிளெக்ஸ் கடையில் வேலை பார்க்கும் செண்பகவல்லி மறுநாளே மாதிரிப் படத்தோடு தலைவரிடம் வந்தாள். ஒரு பக்கம் கையில் கட்டோடு அமலோற்பவம். கீழே 'கொடூரமாகத் தாக்கப்பட்டவர்'. மறுபக்கம் மீசையை முறுக்கியபடி தலைவர்.

எட்டிப் பார்த்த தலைவரின் டிரைவர் அலறினார். "ஐயோ! அடிச்சது நம்ம ஐயாவா?"

தலைவர் குரல் கொசு மாதிரி ஆகிவிட்டது. "என் படத்தை எடும்மா!"

"எடுத்துட்டா, அடிச்சவர் தலைமறைவுன்னு பேசிக்குவாங்களே ஐயா?" என்றாள் செண்பகவல்லி அப்பாவியாக.

"ஃபிளெக்ஸே வேணாம் தாயி!"

அன்று சாயங்காலமே காசோலை சத்தமில்லாமல் அமலோற்பவம் வீடு வந்து சேர்ந்தது. கடையும் திறந்தாச்சு. நேற்று தலைவர் சாப்பிட வந்தார். அங்கே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த செண்பகவல்லி போனைத் தூக்கினாள்.

"ஐயா, ஒரே ஒரு போட்டோ?"

வாயில் இட்லியோடு ஓடினார் பாருங்க, காரில் எந்தக் கதவு என்று தெரியாமல் டிரைவர் மடியிலேயே உட்கார்ந்துவிட்டார்!