பாதி உண்மை

தென்காசியில் குமரேசன் என்றொருவன். மனைவி மீனலோசனி, கணக்கு டீச்சர். கல்யாணமான புதிதில் அவனுக்கு வேலை ஓசூரில். மாதம் இரண்டு தடவை வந்து போவான். "பிள்ளை பிறந்தா நான் பக்கத்துல இருக்கணும். மாறுதல் கிடைக்கிற வரைக்கும் தள்ளிப் போடுவோம். வெளியே தெரிய வேண்டாம்" என்று கேட்டவன் அவன்தான். அவளும் சம்மதித்து, டாக்டரிடம் கேட்டு இரண்டு வருடம் மாத்திரை சாப்பிட்டாள். மாறுதல் கிடைத்தது. சித்திரையில் நிறுத்தினாள்.

"சிலருக்கு உடனே தங்கும், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். மாத்திரையால கர்ப்பப்பைக்கு ஒரு கெடுதலும் இல்லை" என்றார் டாக்டர். ஆனால் பொறுமையை டாக்டர் எழுதித் தர முடியுமா? மாதா மாதம் நாள் எண்ணி, நாள் தள்ளி, பிறகு வயிறு வலித்து, மீனலோசனிக்குச் சலித்துப் போயிற்று. போதாததற்கு மாமியார் உலகம்மாள் வேறு. மருமகள் தலைக்குக் குளிக்கும் நாளெல்லாம் அந்த அம்மாளின் முகம் இருண்டுவிடும். கல்யாணமான நாள்முதல் பேரனுக்காக மாதம் தவறாமல் சஷ்டி விரதம், உடம்பிலோ சர்க்கரை.

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. விரதத்தின் மூன்றாம் நாள் உலகம்மாள் அடுக்களையில் சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறியது. கண் விழித்ததும், "இன்னும் மூணு நாள் பாக்கி இருக்கு" என்றாள்.

குமரேசனால் பொறுக்க முடியவில்லை.

"விரதம் போதும்மா. அவ ரெண்டு வருஷமா மாத்திரை போட்டா. நிறுத்தி ஏழு மாசம்தான் ஆகுது."

"அப்போ நான் பட்டினி கெடந்ததெல்லாம்?" உலகம்மாள் மருமகளைப் பார்த்தாள். "மருந்தைத் தின்னு வயித்தைக் காய வச்சிட்டியே, தாயி."

அருகில் நின்ற குமரேசனின் அக்கா வடிவு மெல்லச் சொன்னாள்: "எனக்கு அப்பவே தெரியும்மா. பீரோவுல மாத்திரை அட்டையைப் பாத்தேன். புருஷன் பொண்டாட்டி விஷயம், நமக்கென்னன்னு இருந்துட்டேன்."

மீனலோசனி ஒரு நிமிடம் கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"அத்தை, மாத்திரை போட்டது நான்தான். மாறுதல் கிடைக்கிற வரைக்கும் பிள்ளை வேண்டாம்னு கேட்டது உங்க மகன்."

உலகம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வராந்தாவில் குமரேசன் மனைவி மேல் பாய்ந்தான்.

"படுத்துக் கெடக்கிறவங்ககிட்ட இதைச் சொல்லணுமா? நமக்குள்ள இருக்கட்டும்னுதானே பேசினோம்?"

"பாதியை நீங்க சொன்னீங்க. மீதியை நான் சொன்னேன்."

ரகசியத்தைக் காத்தவள் வடிவு. தாயின் உயிருக்காக உடைத்தவன் குமரேசன். தன் மேல் விழுந்த பழிக்காக உடைத்தவள் மீனலோசனி. கேட்பவர்களே, இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மீனலோசனி. வடிவு அம்மாவிடம் சொல்லாதது நியாயமே. ஆனால் 'அம்மா பட்டினி கிடக்கிறாள், நீயே சொல்லிவிடு' என்று தம்பியிடமாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். குமரேசன் பேச வேண்டிய நேரத்தில்தான் பேசினான்; தன் பங்கை மறைத்ததால், விரதத்திலிருந்து தாயை மீட்கப் போய் மனைவியைப் பழியில் தள்ளிவிட்டான். இருவர் எடுத்த முடிவை ஒருத்தி தலையில் கட்டிய கணமே அவன் கேட்ட வாக்கு செல்லாமல் போயிற்று. உலகம்மாளும் இதே தீர்ப்பைத்தான் சொன்னாள். மறுநாள் மருமகள் நீட்டிய கஞ்சியை வாங்கிக் குடித்துவிட்டு, மகனிடம், "அடுத்த தடவை டாக்டரைப் பாக்க நீயும் கூடப் போ. சோதனைன்னு சொன்னா உனக்கும் எடு" என்றாள்.