லைகோன் பிடித்த கேடயம்

கடலுக்கு அந்தப் பக்கம், யவன தேசத்தில், மலைகள் எல்லாம் இன்னும் கூழாங்கல்லாய் இருந்த காலத்தில், மெலந்தை என்றொரு ஊர் இருந்தது. அங்கே லைகோன் என்றொரு பேச்சாளன். சபையில் அவன் வாய் திறந்தால் எதிர் மேட்டில் மேய்கிற ஆடுகள்கூடத் தலையாட்டும். நம்பாதவர்கள் போய் ஆடுகளைக் கேட்கலாம்.

ஒரு கோடையில் பகைவர் வந்து வயல்களுக்குத் தீ வைத்தார்கள். சபை கூடியது.

எண்ணெய் ஆட்டும் தெமாஸ் எழுந்தான். "மதிலுக்குள்ளேயே இருப்போம். வயல் மறுபடி விளையும். செத்தவன் விளைவானா?"

"தெமாஸ் அண்ணன் எண்ணெய்ப் பானைக்குள் ஒளிய இடம் பார்த்துவிட்டார்" என்றான் லைகோன். சபை வயிறு குலுங்கச் சிரித்தது.

போர் என்றான், சில கைகள் உயர்ந்தன. போர் என்றான்; பாதிக் கைகள் உயர்ந்தன. மூன்றாம் முறையும் போர் என்றான். தெமாஸின் கை மட்டும் மடியில் கிடந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். போர் கேட்டவன் முதல் வரிசையில் நிற்கவேண்டும். வேண்டாம் என்றவன் அவனுக்கு இடப்பக்கம் நிற்கவேண்டும். இடக்கையில் மாட்டிய கேடயம் பாதி தன்னை மறைக்கும், பாதி இடப்பக்கத்து ஆளை மறைக்கும். சபையில் முட்டிக்கொண்டவர்கள் களத்தில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று முன்னோர் செய்த ஏற்பாடு.

ஈட்டிகள் நெருங்கின. லைகோனுக்கு நாக்கு உலர்ந்தது. கேடயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஒரு சாண்தான். அந்தச் சாண் வழியே வந்த ஈட்டி தெமாஸின் வலத் தோளைப் பிளந்தது.

பகைவர் ஓடினார்கள். ஊர் லைகோனுக்கு மாலை போட்டது. "மேலே ஒரு கீறல் இல்லை பார், தெய்வம் காத்த பிள்ளை" என்று கன்னத்தை வழித்தார்கள். வழித்த இடமெல்லாம் எரிந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

அடுத்த கோடையில் பகைவர் மறுபடி வந்தார்கள். ஊர் கேட்டுக்கொண்டதால் லைகோன் எழுந்து, போர் என்றான்.

தெமாஸ் எழுந்தான். வலக்கை கயிற்றில் கட்டிய வாளி போலத் தொங்கியது.

"என் மகன் போர் வேண்டாம் என்கிறான். வழக்கப்படி உன் இடப்பக்கம் நிற்பான். கேடயத்தை எங்கே பிடிப்பாய், தம்பி?"

சபைக்கு ஒன்றும் விளங்கவில்லை. லைகோனுக்கு விளங்கியது. பேச வாயெடுத்தான், வரவில்லை. மறுபடி எடுத்தான், வரவில்லை. மூன்றாம் முறை தரையைப் பார்த்துக்கொண்டு, "போன தடவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்" என்றான். அவன் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான். கடைசி வரிசைவரை கேட்டது.

அன்று போருக்கு ஒரு கைகூட உயரவில்லை. அவனே கேட்ட போருக்கு அவன் கையும் உயரவில்லை.

ஊரைப் போருக்கு அழைக்கிறவன், பக்கத்தில் நிற்பவனை மறைக்கத் தன் கை நீளுமா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.