ஊருணியைக் கேட்ட குரல்

ஆடுமாடுகள் மனிதரோடு மனிதராக வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வேலங்கரை என்றொரு ஊர் இருந்தது. வானம் பார்த்த பூமி. ஊருக்கு மேற்கே ஓர் ஊருணி, கிழக்கே ஒரு குட்டை. ஊருணித் தண்ணீர் மனிதருக்கு, குட்டைத் தண்ணீர் மாடுகளுக்கு. நடுவில் வேலியும் இல்லை, காவலும் இல்லை. மாடுகளிடம் வாயால் சொன்னால் போதும், ஊருணிப் பக்கம் எட்டிப் பார்க்காது.

அந்த ஊரில் ஒய்யம்மாள் என்று ஒருத்தி. புருஷன் சாத்தையா உப்பு வண்டி ஓட்டுகிறவன், போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். வீட்டில் அவளும் சின்ன மகள் செல்லியும் மயிலை என்ற பசுவும்தான். பால் கறக்கும்போது ஒய்யம்மாளும் மயிலையும் ஊர்க்கதை பேசிச் சிரிப்பது தெருமுனை வரை கேட்கும்.

ஒரு கோடையில் மயிலை செவலைக் கன்று ஒன்றை ஈன்றது. சில நாளிலேயே கன்றுக்குப் பேச்சு வந்துவிட்டது. முதல் சொல் "ஆத்தா." மயிலையையும் ஆத்தா என்றது, ஒய்யம்மாளையும் ஆத்தா என்றது. செல்லி தன்னை "அம்மா" என்று கூப்பிட்டபோதுகூட ஒய்யம்மாள் அப்படிப் பூரித்ததில்லை.

அந்தக் கன்றுக்குக் கழிச்சல் கண்டது. தண்ணீர் தண்ணீராகப் போயிற்று. கண் உள்ளே போய்விட்டது. தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. வேப்பங்கொழுந்துக்கும் கேட்கவில்லை, மாதுளை ஓட்டுக்கும் கேட்கவில்லை.

ஒரு காலையில் கன்று, "ஆத்தா, தண்ணி" என்றது. ஒய்யம்மாள் ஓடிப்போய்க் குட்டையில் மொண்டு வந்து வைத்தாள்.

"இது வேண்டாம். ஊருணிக்குக் கூட்டிட்டுப் போ."

குரல் கன்றினுடையதுதான். ஆனால் கன்றின் வாய் அசையவில்லை. மூடிய வாய் மூடியபடியே இருந்தது.

ஒய்யம்மாள் மயிலையைத் திரும்பிப் பார்த்தாள். மயிலை மெல்வதை நிறுத்தியிருந்தது.

"தாயி, இப்பக் கேட்டது எம்பிள்ளை இல்ல."

"பின்ன யாரு?"

"அதுக்குப் பேரு கிடையாது. எங்க வயித்துக்குள்ள குடியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. காலும் இல்ல, றெக்கையும் இல்ல. ஒரு வயித்துல இருந்து இன்னொரு வயித்துக்குப் போகணும்னா தண்ணிதான் அதுக்குப் பாதை. குட்டைத் தண்ணி குடிக்கிற வயிறெல்லாம் அது பார்த்தாச்சு. இப்போ உங்க வயிறு வேணுமாம். கூட்டிட்டுப் போயிராத."

"பிள்ளை சாகக் கிடக்கே, மயிலை!"

"பெத்தவ நான். எனக்கு வலிக்காதா? இருந்தும் சொல்றேன், கூட்டிட்டுப் போகாத."

ஒய்யம்மாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். ஆனால் குரல் ஓயவில்லை. உலை வைக்கும்போது கேட்டது, கூட்டிப் பெருக்கும்போது கேட்டது. "ஆத்தா, ஊருணி. ஆத்தா, ஒரு வாய்." ஒரு நாள் உச்சிவெயிலில், மயிலை மேய்ச்சலுக்குப் போயிருந்த நேரம், அவளால் தாங்க முடியவில்லை. கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்தாள்.

ஊருணியில் ஓர் ஈ காக்கை இல்லை. இறக்கிவிட்டதும் கன்று முட்டளவு தண்ணீரில் நின்று குடித்தது. குடிக்கும்போதே கழிந்தது. காற்று அசையவில்லை, மரத்தில் ஓர் இலை ஆடவில்லை. ஆனால் கன்றின் காலடியிலிருந்து ஒரு சிற்றலை எழுந்தது. அது நேராகப் படித்துறைக்குப் போனது. குடத்தோடு ஆள் வரக் காத்திருப்பதுபோல அங்கேயே தளும்பிக்கொண்டு நின்றது.

"ஆத்தா, எனக்குக் குளிருது" என்றது கன்று. இந்த முறை அதன் வாய் அசைந்தது.

வீட்டுக்கு வந்த கன்று பொழுது சாய்வதற்குள் எழுந்து மடி முட்டியது. ஒய்யம்மாள் சந்தோஷத்தில் அழுதாள். மேய்ச்சலிலிருந்து வந்த மயிலை கன்றின் கால்களை நெடுநேரம் முகர்ந்தது.

முதலில் படுத்தவள் பக்கத்து வீட்டு ஒச்சாயி. வயிறு சுருட்டி இழுத்தது, தண்ணீராகப் போயிற்று. ஒய்யம்மாள் பார்க்கப் போனாள். ஒச்சாயி கண்ணை மூடி, உதட்டை மூடிக் கிடந்தாள்.

"ஆத்தா, ஊருணிக்குக் கூட்டிட்டுப் போ."

ஒச்சாயி இவளைவிட மூத்தவள். ஒரு நாளும் இவளை ஆத்தா என்றதில்லை.

அதன்பின் தெருத் தெருவாக விழுந்தார்கள். வீட்டுக்கு வீடு அதே கன்றுக்குரல் ஊருணியைக் கேட்டது. கேட்கிறவர் மனம் பொறுக்குமா? கட்டிலோடு தூக்கிப் போய்ப் படித்துறையில் இறக்கினார்கள். குடிக்க வைத்தார்கள், அங்கேயே கழுவிவிட்டார்கள். அதே தண்ணீரை அடுத்த வீட்டார் மொண்டு போனார்கள். சங்கு ஊதாத நாள் இல்லை என்றாகிவிட்டது. ஒச்சாயியும் போய்ச் சேர்ந்தாள்.

பிறகு ஒரு காலை, பாயில் கிடந்த செல்லியிடமிருந்து குரல் வந்தது.

"ஆத்தா."

அம்மா என்று சொல்லவில்லை. ஒய்யம்மாள் தொழுவத்துக்கு ஓடி மயிலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நான்தான் கூட்டிட்டுப் போனேன், மயிலை. நான்தான்."

"தெரியும். கன்னு கால்ல ஊருணிச் சேறு மணத்துச்சு. அழுததெல்லாம் போதும். போய் அடுப்பை மூட்டு. தண்ணியில நடக்கிறது நெருப்புல நடக்காது. தளதளன்னு கொதிக்கவிட்டு ஆற வை. துளி உப்பும் கருப்பட்டியும் கரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஊத்து. அது என்ன சொன்னாலும் காதுல வாங்காத. ஊத்திக்கிட்டே இரு."

ஒய்யம்மாள் கொதித்து ஆறிய தண்ணீரை, பால் புகட்டும் பாலாடையால் செல்லிக்கு ஊற்றினாள்.

"வேண்டாம். இது செத்த தண்ணி" என்றது குரல்.

அவள் உதட்டைப் பிரித்து ஊற்றினாள். குரல் கெஞ்சியது. அதட்டியது. செல்லி பிறந்த அன்று அழுத அழுகையை, அதே மாதிரி, மூடிய வாய்க்குள்ளிருந்து அழுதது. ஒய்யம்மாள் ஊற்றுவதை நிறுத்தவில்லை. வெயில் தாழும் நேரத்தில் குரல் தேய்ந்து, கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கி, நின்றுபோனது.

செல்லியின் உதடு மெல்ல அசைந்தது. "அம்மா, இனிக்குது."

ஒய்யம்மாள் தெருவில் வந்து நின்று நடந்ததை எல்லாம் சொன்னாள். ஒச்சாயியின் புருஷன் கம்பை ஓங்கினான். ஒய்யம்மாள் விலகவில்லை.

"அடிக்கிறதுன்னா அடிங்க மாமா. முதல்ல வீட்டுல அடுப்பை மூட்டிட்டு வந்து அடிங்க. உங்க பிள்ளையும் கிடக்கான்."

கம்பு கீழே விழுந்தது. அன்று ஊர் முழுக்க அடுப்புப் புகை எழுந்தது. மறுநாள் ஆண்களும் பெண்களும் சேர்ந்து கருவேல முள்ளை வெட்டி ஊருணியைச் சுற்றி அடைத்தார்கள்.

ஆனால் அது விடவில்லை. உச்சிப்பொழுதானால் மாடுகள் வேலியோரம் வந்து நின்றன. ஒன்றின் வாயும் திறக்கவில்லை. ஆனால் குரல் வந்தது. "ஆத்தா, திற. ஆத்தா, ஒரு வாய்." ஒரு நாள் தண்ணீர் மொள்ளப் போன ஒய்யம்மாள் திடுக்கிட்டுப் பார்த்தாள். அவள் கை முள்படலைப் பாதி இழுத்திருந்தது. எதிரே செவலைக் கன்று நின்றது. விரலில் ரத்தம் வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மயிலை வந்து குறுக்கே நின்றது.

"தாயி, எங்க வயித்தை விட்டு இதை விரட்ட முடியாது. எங்க குரல்ல கேட்டா உனக்கு மனசு இளகும். இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு யாராவது திறந்திருவீங்க. அதுக்குச் சொந்தமா ஒரு சொல்லும் கிடையாது, எங்க சொல்லைத்தான் எடுத்துப் பேசுது. எங்ககிட்டயே சொல் இல்லாமப் போயிட்டா?"

"வேண்டாம், மயிலை. நான் யார்கிட்டப் பேசுவேன்?"

"என்கிட்டயே பேசு. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்."

அதுதான் மயிலை கடைசியாகப் பேசியது. ஊர் மாடுகளையெல்லாம் கூட்டிக்கொண்டு அது ஊருக்கு வெளியே இருந்த சுக்கான்பாறைக்குப் போனது. சொரசொரத்த அந்தப் பாறையை மாடுகள் நாக்கால் நக்கின. சொல் ஒவ்வொன்றாக உதிரும்வரை நக்கின. பாறை சிவந்தது. கன்றுகளின் நாக்கிலிருந்த சொல்லைத் தாய்கள் நக்கி எடுத்தன. அந்திக்குத் திரும்பி வந்த மயிலையை ஒய்யம்மாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அது வாயைத் திறந்து, "ம்மா" என்றது. அவ்வளவுதான் மிச்சம் இருந்தது.

அந்த நாள் தொட்டுத்தான் மாட்டின் நாக்கு அரம்போல் இருக்கிறது. குடிக்கிற ஊருணிக்கு முள்வேலி போட்டு, மொண்ட தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும் அன்று வந்த வழக்கம்தான். மாட்டின் வயிற்றுக்குள் இருப்பது மட்டும் எங்கும் போய்விடவில்லை. கேட்கச் சொல் கிடைக்காமல், தண்ணீருக்காக அங்கேயே காத்துக் கிடக்கிறது.