பனிக்குப் பிறகு முதல் வெட்டு

“சாமி, இந்தப் புல்லை எப்பதான் வெட்டப் போறோம்?”

பரிமளகாந்தி இப்படிக் கேட்டது ஒரு மாசி மாதக் காலையில். கோத்தகிரிக்கு மேலே, பத்துப் பேர் தங்கும் சின்ன ஆசிரமம் அது. முன்னால் அரை ஏக்கர் புல்தரை. மார்கழியில் விழுந்த உறைபனி அதைக் கருக்கிப் போட்டிருந்தது. இப்போதுதான் அங்கங்கே பச்சை தலை காட்டியது. ஓரிடத்தில் குட்டை, ஓரிடத்தில் நெட்டை.

அவளுக்கு அறுபத்தொரு வயது. முப்பது வருஷம் தலைமை ஆசிரியையாக இருந்து, ஓய்வுக்குப் பிறகு இங்கே வந்து தங்கியவள். கோணலாக எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது.

ஆசிரமத்துச் சாமிக்கு நாற்பத்து நாலு. இங்கே வருவதற்கு முன் தேயிலைத் தோட்டத்துப் பங்களா ஒன்றில் தோட்டக்காரராக இருந்தார். அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

“குறுக்கே நடந்து பாருங்க டீச்சர்.”

நடந்தாள். வைத்த அடியெல்லாம் பள்ளமாகி நீர் ஊறியது.

“இன்னும் எத்தனை நாள் ஆகும்?”

“தெரியாது. தரைக்குத்தான் தெரியும்.”

இது ஒரு பதிலா என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு வாரம் பொறுத்தாள். திங்கட்கிழமை காலையில் சாமி ஊருக்குள் இறங்கிப் போனார். அவள் கொட்டகையைத் திறந்து புல் வெட்டும் மிஷினை வெளியே இழுத்தாள். கத்தியை அடிமட்டத்துக்கு இறக்கினாள். ஒரே வெட்டில் சமமாகிவிட வேண்டும்.

தள்ளினாள். ஈர மண்ணில் சக்கரம் புதைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தள்ளினாள். ஒரு பாய் நீளத்துக்குப் போன பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

புல் வெட்டுப்படவில்லை. பிய்ந்து வந்திருந்தது. வெறும் மண் தெரிந்தது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாமி வந்தபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. அவர் மண்ணைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், கடைசியாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“புல்லு மேல என்ன கோபம் டீச்சர்?”

கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். பிறகு, “என் தம்பி நேத்து கதவைத் திறக்கல சாமி” என்றாள்.

தம்பி தில்லைநாயகத்துக்குக் குன்னூரில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஐப்பசியில் அவன் மனைவி இறந்துபோனாள். அதிலிருந்து கடை திறக்கவில்லை, தாடி எடுக்கவில்லை. அவள் கடைசியாகக் காயப்போட்ட சேலைகள்கூட இன்னும் கொடியில் கிடந்தன. அக்கா ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்துப் போய்க் கடையைத் திற, தாடியை எடு என்று சொல்லிவிட்டு வந்தாள். நேற்று, சேலைகளை எடுத்து வைக்க ஒரு காலி அட்டைப்பெட்டியையும் கொண்டுபோனாள். அவன் ஜன்னல் வழியாகப் பெட்டியைப் பார்த்தான்.

“உள்ளேதான் இருந்தாரா?”

“இருந்தான். ரேடியோ பாடிக்கிட்டிருந்தது. அரை மணி நேரம் தட்டினேன்.”

சாமி மிஷினை இழுத்து ஓரமாக நிறுத்தினார்.

“அப்படியே விட்டா அவன் வீணாப் போயிடுவான் சாமி. எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்.”

சாமி குனிந்து, பிய்ந்த இடத்தில் மண்ணை விரலால் விலக்கினார். வெள்ளை வெள்ளையாக வேர் பின்னிக் கிடந்தது.

“செத்துடுச்சா?” என்று கேட்டாள்.

“இல்ல. தொந்தரவு பண்ணாம இருந்தா வரும்.”

“அப்போ வெட்டவே வேண்டாமா?”

“வெட்டாம விட்டாலும் கெட்டுப்போகும். தரை காயட்டும். நாலு விரல் உயரம் வரட்டும். அப்புறம் நுனி மட்டும்.”

அன்று மாலை முழுவதும் சாமி கத்தியைக் கழற்றி வைத்துத் தீட்டிக்கொண்டிருந்தார். மொண்ணைக் கத்தி பிய்க்கத்தான் செய்யும் என்றார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினாள்.

அடுத்து வந்த இரண்டு ஞாயிறும் அவள் குன்னூர் போகவில்லை. கால் பரபரத்தது. போகவில்லை.

பங்குனியில் நாலு நாள் நல்ல வெயில் அடித்தது. சனிக்கிழமை பனி உலர்ந்த பிறகு தரையில் நடந்து பார்த்தாள். அடி பதியவில்லை. விரல்களை வைத்து அளந்தாள். நாலு.

சாமி திருகாணியைத் தளர்த்திக் கத்தியை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தினார். அவள் தள்ளினாள். மிஷின் லேசாகப் போனது. நுனிகள் மட்டும் தெறித்து விழுந்தன.

முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“வெட்டின மாதிரியே தெரியலையே சாமி.”

“ஆமா” என்றார் சாமி சந்தோஷமாக.

மறுநாள் வெறுங்கையோடு குன்னூர் போனாள். கதவை ஒருமுறை தட்டினாள்.

“தில்லை, நான்தான். சும்மா வந்தேன்.”

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. தம்பி அவள் கைகளைப் பார்த்தான். பிறகு வழிவிட்டான்.

கொடியில் சேலைகள் அப்படியே இருந்தன. அவள் அவற்றுக்குக் கீழேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தம்பி டீ போட்டுக் கொடுத்தான். சர்க்கரை இல்லை. குடித்தாள். தொண்டை வரை வந்த பத்துப் பேச்சையும் டீயோடு விழுங்கினாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும்.

“அக்கா.”

“ம்.”

“நகம் ரொம்ப வளந்துடுச்சு. நகவெட்டியை அவ எங்க வச்சிருக்கான்னு தெரியல. கொஞ்சம் தேடித் தர்றியா?”

அவள் சட்டென்று எழுந்தாள். எழுந்த வேகத்தில் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அலமாரியைத் திறந்தாள்.

“மத்ததெல்லாம் அப்புறம் பாக்கலாம்க்கா” என்றான் தம்பி, பின்னாலிருந்து.

“அப்புறம்தான்” என்றாள். “அவசரம் ஒண்ணும் இல்லடா.”