ராசா முகத்தில் பூஞ்சை

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டை அகண்டவர்மன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். ஆண்டான் என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதிப் பொழுது கண்ணாடி முன்னால்தான் கழியும். அவனுடைய கட்டடத் தலைவர் தாண்டவக்கோன் ஆளறிந்து வேலை செய்கிறவர். அரண்மனையை அடுத்த குயவர் தெருவுக்குத் தெற்கே நாற்பது முழ உயரத்தில் ஒரு வெற்றி மதிலை எழுப்பி, அதில் ராசாவை வரைந்துவைத்தார். எந்தப் போரில் வெற்றி என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

மதில் வந்ததும் தெருவுக்கு வெயிலும் போயிற்று, தென்றலும் போயிற்று. சுவரில் ஈரம் ஊறி வீடெல்லாம் ஓதம். மூன்று வருடமாகத் தெருவே இருமியது. அதில் பாவம், ராசாவின் பகல் தூக்கம் கெட்டுவிட்டது!

"சோம்பேறிகள், பிரபு. உழைக்கிறவனுக்குச் சளி பிடிக்குமா? ஊரைவிட்டே கிளப்பிவிடலாம்" என்றார் தாண்டவக்கோன்.

"வேண்டாம் பிரபு" என்று பதறினார் அமைச்சர் செங்கழுநீர்ப் பிள்ளை.

இதற்காகவே காத்திருந்தவர்போலத் தாண்டவக்கோன் சிரித்தார். "அப்படியானால் ஒரு மாதத்தில் இருமலை இவர் நிறுத்திக் காட்டட்டும். முடியாவிட்டால் அவர்களோடு இவரும் மூட்டை கட்டட்டும்."

"நல்ல யோசனை!" என்றான் ராசா. யோசிக்கும் வேலை மிச்சமானதில் அவனுக்கு மகிழ்ச்சி.

பிள்ளை தெருவுக்குப் போனார். பூவாயி என்ற குயத்தி மூச்சிரைக்கும் மகளை மடியில் போட்டிருந்தாள். "குடுக்காத மருந்தில்ல சாமி. மதிலு போனாத்தான் இது போகும். அத ராசாகிட்ட யாரு சொல்றது?"

பிள்ளை யோசித்துக்கொண்டே திரும்பினார். சொன்னால் தன் தலை போகும். சொல்லாவிட்டால் இந்தக் குழந்தை போய்விடும்.

மறுநாள் சபையில், "பிரபு, மதிலில் ஒரு பெருங்குறை" என்றார். தாண்டவக்கோன் முகம் சிவந்தது. "தங்கள் திருவுருவம் தெற்குப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. தெருப்பக்கம் மொட்டைச் சுவர். குடிகள் எழுந்ததும் தங்கள் முகத்தில் விழிக்க வேண்டாமா?"

ராசா உருகிப்போனான். "நான் அப்போதே நினைத்தேன், பிரபு!" என்று முந்திக்கொண்ட தாண்டவக்கோன், ஐந்தே நாளில் வரைந்து முடித்தார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் கழித்து ராசா பல்லக்கில் பார்க்க வந்தான். படத்தில் இடது கன்னமெல்லாம் பச்சைப் பூஞ்சை. மீசை கரைந்து தாடைக்கு இறங்கியிருந்தது. மூக்கைக் காணோம்.

"என் மூக்கு எங்கே?" என்று அலறினான்.

"ஓ... ஓதம், பிரபு. வெயிலும் காற்றும் படாத இடத்தில் சுண்ணாம்பு நிற்காது" என்று உளறினார் தாண்டவக்கோன்.

"கேட்டீர்களா, பிரபு?" என்று, வாசலில் மூச்சிரைத்துக் கிடந்த பூவாயி மகளைக் காட்டினார் பிள்ளை. "சுண்ணாம்பே நிற்காத இடத்தில்தான் இந்தக் குழந்தைகள் கிடக்கிறார்கள்."

ராசா பூவாயி மகளை ஒரு நொடி பார்த்தான். மூக்கிருந்த இடத்தை வெகுநேரம் பார்த்தான். "இடியுங்கள்!" என்று கத்தினான். "தாண்டவக்கோனே, கல்லையெல்லாம் நீரே சுமக்க வேண்டும். இந்தத் தெருவிலேயே தங்கிச் சுமக்க வேண்டும்!"

மூன்றே நாளில் மதில் மண்ணோடு மண்ணாயிற்று. அத்தனை உழைத்தும் தாண்டவக்கோனுக்குச் சளி பிடித்தது.

கெடு முடிந்த அன்று ராசா வந்தான். பூவாயி மகள் இளவெயிலில் உட்கார்ந்து களிமண் பிசைந்துகொண்டிருந்தாள். இருமல் இல்லை.

"பார்த்தீரா அமைச்சரே, என் முகத்தில் விழித்ததும் குணமாகிவிட்டார்கள்!"

பிள்ளைக்கு அன்று என்ன துணிச்சலோ. "விழித்தபோது இல்லை, பிரபு. அது விழுந்தபோது" என்றார்.

ராசா தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு வாய்விட்டுச் சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பிள்ளைக்குப் போட்டான்.